கேசட் தலைகீழாக இருக்கும்

அக்கா மகளுக்குப் பள்ளியில் பழைய காலத்துப் பொருள் ஒன்றை வரைந்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். தமிழ்ப்பள்ளி, ஐந்தாம் ஆண்டு. வகுப்பில் பாதிப் பேர் அம்மி, மீதிப் பேர் மண்பானை என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டதாம். "எனக்கு வேற வேணும் மாமா. தாத்தா வீட்டுல கைப்பிடி வெச்ச ரேடியோ ஒன்னு இருந்துச்சுன்னு நீங்களும் அம்மாவும் சொல்லுவீங்கல்ல, அது" என்று வாட்சாப்பில் குரல் அனுப்பியிருந்தாள். வரைய மாமா இருக்கிறார் என்கிற தைரியம். நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன டிசைன் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா பேனர், உணவகங்களுக்கு மெனு அட்டை. மூன்று நான்கு வருடமாக எல்லாருக்கும் 'ரெட்ரோ' வேண்டியிருக்கிறது. தீபாவளி வாழ்த்து அட்டையா, ரெட்ரோ. வாழையிலைக் கடைச் சுவரா, ரெட்ரோ. அதனால் அந்த ரேடியோவை ஐம்பது தடவையாவது வரைந்திருப்பேன். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், நடுவில் கேசட், மேலே கைப்பிடி. கண்ணை மூடிக்கொண்டே வரைந்துவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் பக்கம் போகும் கொமுட்டர் ஏறினேன். சென்ட்ரலை விட்ட கொஞ்ச நேரத்தில் அங்காசாபுரி நிலையம் வரும். மலேசிய வானொலியின் தமிழ்ப்பகுதி அங்கேதான். 2005-இலேயே மின்னல் எஃப்எம் ஆகிவிட்டாலும் அப்பாவுக்கு அது இன்னும் 'ரேடியோ ஆறு'தான். பிறகு பெட்டாலிங், சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலம். ஷா ஆலம் பக்கம் தொழிற்சாலைக் கூரைகள் தெரிய ஆரம்பிக்கும். அம்மாவோடு இந்த வண்டியில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஷா ஆலம் வந்ததும் அம்மா பையைத் திறந்து எதையாவது தேட ஆரம்பித்துவிடுவார். சாவி, துண்டு, மருந்துச் சீட்டு, ஏதோ ஒன்று. பார்த்திருக்கிறேன், யோசித்ததில்லை.

பண்டமாரான் வீட்டில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தோம். முதலில் பெட்டி. நேர் எதிரே நின்று பார்த்தால் அது வெறும் நீள்செவ்வகம். ஆனால் அப்படி வரைந்தால் ஸ்டிக்கர் மாதிரி தட்டையாக இருக்கும். கொஞ்சம் பக்கவாட்டில் நின்று பார்க்கிற மாதிரி வரைந்தால்தான் பொருளுக்கு எடை வரும். கிட்டத்தில் இருக்கிற விளிம்புக்கு நேராக ஒரு கோடு. அதன் மேல்முனையிலும் கீழ்முனையிலும் இருந்து இடப்பக்கம் ஓடுகிற கோடுகளை, தூரத்தில் ஒரே புள்ளியில் போய்ச் சேரும்படி சரிக்க வேண்டும். வலப்பக்கம் ஓடுகிறவற்றுக்கு இன்னொரு புள்ளி. இரண்டு புள்ளியும் ஒரே மட்டத்தில், நம் கண் உயரத்தில் இருக்கும். பெரும்பாலும் அவை பேப்பருக்கு வெளியே போய் விழும். நாங்கள் அவற்றை மேசையிலேயே பென்சிலால் குறித்தோம். அக்கா திட்டினாள்.

அடுத்து ஸ்பீக்கர். பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். வட்டம் என்று தெரிந்த காரணத்தாலேயே வட்டமாக வரைந்துவிடுவார்கள். பெட்டி சாய்ந்து நிற்கும்போது அதன் முகத்தில் இருக்கிற வட்டமும் ஒடுங்கி நீள்வட்டமாகிவிடும். எனவே முதலில் ஸ்பீக்கர் உட்காரும் சதுரத்தை அதே சரிவில் போட்டுக்கொள்ள வேண்டும். மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுத்தால் அவை வெட்டுகிற இடம் நடு. பிறகு நான்கு பக்கத்தையும் தொட்டுக்கொண்டு போகிற மாதிரி கையை உருட்ட வேண்டும். தூரத்தில் இருக்கிற ஸ்பீக்கர் கிட்டத்தில் இருப்பதைவிடச் சின்னதாகவும் ஒடுங்கியும் வரும். அவள் நான்கு தடவை அழித்தாள். ஐந்தாவது தடவை தானாக வந்தது. வலைக்கம்பியின் ஓட்டைகளை எல்லாம் வரைய வேண்டாம், வெளிச்சம் படுகிற ஓரத்தில் மட்டும் புள்ளி வைத்தால் போதும், மீதியைப் பார்க்கிறவர் கண் போட்டுக்கொள்ளும் என்றேன்.

ஓய்வு எடுக்கிறேன் என்று அவள் யூடியூபைத் திறந்தாள். இதையே வரையக் கற்றுக்கொடுக்கிற வீடியோ ஒன்று ஓடியது. பின்னால் செங்கல் சுவர், சுவரில் ஸ்பிரே எழுத்து. "மாமா, இதுக்குப் பேரு பூம்பாக்ஸாம்."

நாங்கள் யாரும் அதை அப்படிச் சொன்னதில்லை. ரேடியோ, கொஞ்சம் மரியாதை கொடுத்தால் டேப் ரேடியோ. பூம்பாக்ஸ் என்பது நியூயார்க் தெருவின் சொல். 1963-இல் பெர்லின் கண்காட்சியில் ஃபிலிப்ஸ் கேசட்டைக் காட்டியது. சில வருடங்களிலேயே ரேடியோவும் கேசட்டும் ஒரே பெட்டிக்குள் குடி வந்தன. ஜப்பான்காரர்கள் அந்தப் பெட்டியை வளர்த்தார்கள், அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் அதைத் தோளில் ஏற்றினார்கள். எல்எல் கூல் ஜே 1985-இல் வெளியிட்ட 'ரேடியோ' ஆல்பத்தின் அட்டையில் பாடகர் முகம் கிடையாது, ஒரு ஜேவிசி பெட்டிதான். ஸ்பைக் லீயின் 'டூ த ரைட் திங்' படத்தில் (1989) பெட்டியைச் சத்தமாக வைத்ததில் தொடங்குகிற சண்டை, ஓர் இளைஞன் போலீஸ் பிடியில் மூச்சடைத்துச் சாவதில் முடியும். அந்த இசை கோலாலம்பூர் வரைக்கும் வந்தது. 1998-இல் பொயெட்டிக் அம்மோ, 2006-இல் யோகி பியும் நட்சத்திராவும் கொண்டுவந்த 'வல்லவன்'. என் வாடிக்கையாளர்களுக்கு வேண்டியிருப்பது இந்தப் படம்தான். எனக்கும் இது பிடிக்கும், பொய் சொல்லக் கூடாது. ஆனால் எங்கள் வீட்டு ரேடியோ தோளில் ஏறியதில்லை. சாமி மேடைக்குப் பக்கத்தில், பின்னல் துணி போர்த்தி, முக்காலியில் உட்கார்ந்திருந்தது.

அதற்கு அடுத்ததுதான் கேசட். நடுவில் கண்ணாடிக் கதவு, அதற்குள் கேசட், மேல்பக்கம் லேபிள், கீழே இரண்டு சக்கரம். ஐம்பது தடவை வரைந்த மாதிரியே வரைந்து காட்டினேன்.

அம்மா எதிரில் உட்கார்ந்து நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், "அது தப்பு" என்றார்.

"எதும்மா?"

"கேசட் தலைகீழா இருக்கும். பட்டன் மேல இருக்கிற செட்டுக்கு ஹெட்டும் மேலதான் வரும். டேப்பு தெரியுற பக்கம் மேல, லேபிள் கீழ. எழுத்து கவுந்து கெடக்கும்."

அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து பென்சிலை வாங்கினார். என் படத்தின் ஓரத்தில் வரைய ஆரம்பித்தார். அம்மா வரைந்து நான் பார்த்ததில்லை. வாசலில் போடுகிற கோலம்கூட நான்கு புள்ளியைத் தாண்டாது. மேலே ஒரு சின்ன கட்டம் போட்டு, "இது ஹெட்டு" என்றார். பக்கத்தில் ஒரு உருளை. "இது ரப்பர் உருளை, டேப்ப அழுத்திப் பிடிக்கும். இது கம்பி, இதுதான் இழுக்கும்." ஹெட்டின் இரண்டு பக்கமும் இரண்டு புள்ளி. "இந்த ஸ்க்ரூ ஆடாது. இந்த ஸ்க்ரூ ஆடும், அடியில ஸ்பிரிங் இருக்கு." பிறகு என் படத்துக்கு வந்து, கதவுக்கும் பட்டன் வரிசைக்கும் நடுவில் ஒரு பொட்டு வைத்தார். "இங்க ஒரு ஓட்டை இருக்கும். ஸ்க்ரூடிரைவர் விடறதுக்கு. பிளே அமுக்கினாத்தான் ஹெட்டு எறங்கி வந்து ஓட்டைக்கு நேரா நிக்கும். சும்மா இருக்கும்போது உள்ள ஒன்னும் தெரியாது."

அக்கா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். "உங்களுக்கு எப்படிம்மா இதெல்லாம்?"

"நாலு வருஷம் அதான வேல" என்றார் அம்மா.

எங்களுக்குத் தெரிந்த கதை வேறு. தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த அம்மா, கல்யாணத்துக்கு முன்னால் கிள்ளானில் சித்தி வீட்டில் தங்கித் தையல் படித்தார். 1990-இல் அப்பாவைக் கட்டினார். அவ்வளவுதான். அந்தத் தையல் படிப்பு பொய் என்று முப்பத்தைந்து வருடம் கழித்து, நெத்திலிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் தெரிந்துகொள்கிறோம். அம்மாவுக்குத் தையல் அவ்வளவாக வராது என்பதே எங்களுக்கு ஒரு துப்பாக இருந்திருக்க வேண்டும்.

1985 செப்டம்பரில் பிளாசா ஒப்பந்தம் என்று ஒன்று கையெழுத்தானது. யென்னின் மதிப்பு மடமடவென்று ஏற, ஜப்பானில் செய்து விற்றால் கட்டுப்படியாகாது என்று அங்குள்ள கம்பெனிகள் மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் வேலையை நகர்த்தின. பொருளாதாரப் பாடத்தில் இதை நான் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அதே சமயம் தோட்டத்தில் பத்தாவது முடித்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண், 1986-இல் பஸ் ஏறி ஷா ஆலம் வந்து, ஒரு தொழிற்சாலையில் கேசட் ரேடியோ லைனில் நின்றார் என்பது எனக்குத் தெரியாது. மூன்று அறை வீட்டில் ஆறு பெண்கள், வாசலுக்கே வரும் ஃபேக்டரி பஸ், நாளுக்கு எட்டு வெள்ளி சொச்சம் சம்பளம், ஓவர்டைம் தனி.

அம்மாவின் வேலை அந்த ஒரு ஸ்க்ரூ. கேசட் டேப்பின் அகலம் நான்கு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. நொடிக்கு ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவாக நகரும். ஹெட்டின் முகத்தில் மயிரிழையைவிட மெல்லிய ஒரு பிளவு இருக்கும். பாட்டைப் படிக்கிறது அதுதான். டேப் ஓடுகிற திசைக்கு அந்தப் பிளவு சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் முதலில் போவது கீச்சென்ற ஒலிகள். ஜால்ரா போகும், சலங்கை போகும், பாடகரின் 'ச'வும் 'ஸ'வும் மழுங்கும். கம்பளிக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருக்கும். அதைச் சரிசெய்ய ஒரு டெஸ்ட் கேசட் உண்டு. அதில் பாட்டு கிடையாது, ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே 'கீ'. அதைப் போட்டு, மீட்டர் முள்ளைப் பார்த்தபடி ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். முள் எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அங்கே நிறுத்தி, ஸ்க்ரூ தலையில் ஒரு சொட்டுப் பச்சைப் பெயிண்ட் வைத்துவிட்டால் பிறகு அது அசையாது. அடுத்த செட்.

"ஷிப்டுக்கு நானூறு செட்டு" என்றார் அம்மா. "நாலு வருஷம். அத்தனை ரேடியோ செஞ்சோம், அங்க ஒரு பாட்டு கேட்டதில்ல. கீஈஈன்னு அது மட்டும்தான். ராத்திரி படுத்தாலும் கேக்கும்."

அப்புறம் ஏன் மறைத்தார்கள்? அந்தக் காலத்தில் மின்னியல் தொழிற்சாலைப் பெண்களுக்கு ஊர் வைத்த பெயர் 'மீனா காரான்'. மீனா என்பது மலாய்ப் பெண்களைப் பொதுவாகக் குறிக்கிற பேர், காரான் என்றால் கரண்ட். இரவு ஷிப்ட், சொந்தச் சம்பளம், சனிக்கிழமை சினிமா, லிப்ஸ்டிக். போதாதா? மலாய்க் கம்பத்தில் சொன்னதையே நம் ஆட்களும் சொன்னார்கள். "எங்க வீட்டுல மீனான்னு நெசப் பேரு உள்ளவளே ஒருத்தி இருந்தா. அவளுக்கு ரெண்டு மடங்கு கேலி" என்று அம்மா சிரித்தார். மாப்பிள்ளை வீட்டில் அப்பாயி ரொம்பக் கண்டிப்பு என்று கேள்விப்பட்ட மாமா, தானாகவே தையல் கதையைக் கட்டிவிட்டார். நிச்சயத்துக்கு இரண்டு மாதம் முன்னால் அம்மா வேலையை விட்டார். அப்பாயி 2011-இல் காலமானார். அதற்குப் பிறகும் அம்மா சொல்லவில்லை. "யாரும் கேக்கலயே" என்றார்.

அது என்னைக் குத்தியது. பல்கலைக்கழகத்தில் வாய்மொழி வரலாறு என்று ஒரு பாடத்துக்காக கிள்ளான் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். பதினொரு பெரியவர்களைப் பேட்டி எடுத்தேன். பால்மரம், கங்காணி, கள்ளுக்கடை, லயம். நம் இலக்கியமும் என்னை அங்கேதான் அனுப்பியது. அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' தொடங்கி நான் வாசித்த மலேசியக் கதைகளில் பாதிக்கு மேல் ரப்பர் மரத்தடியில்தான் நடக்கின்றன. ஃபேக்டரி பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போன பெண்களை நான் ஐவா ஓங் என்ற மானுடவியலாளர் 1987-இல் வெளியிட்ட ஆங்கிலப் புத்தகத்தில்தான் முதலில் சந்தித்தேன். பினாங்கில் பிறந்தவர். கிள்ளானுக்கு அடுத்த கோல லங்காட்டில், ஜப்பானியத் தொழிற்சாலைகளில் வேலை செய்த மலாய்ப் பெண்களைப் பற்றியது. வேலை நேரத்தில் பேய் பிடித்து அலறி விழுந்த பெண்களைப் பற்றி அதில் நிறைய வரும். அந்தப் புத்தகத்தை இதே மேசையில் வைத்துத்தான் அடிக்கோடு போட்டுப் படித்தேன். அம்மா பக்கத்தில் சாயங்காலக் கோப்பி கொண்டுவந்து வைத்தார்.

இப்போது கேட்டேன். அம்மா தொழிற்சாலையில் அப்படி நடந்ததா?

"ரெண்டு வாட்டி. மைக்ராஸ்கோப்புல பாக்கற லைன்ல ஒரு பொண்ணு கத்துச்சு, அப்புறம் வரிசையா கத்துச்சுங்க. பொமோவ கூட்டி வந்து மந்திரிச்சாங்க. எங்களையெல்லாம் வெளிய உக்கார வெச்சுட்டாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அன்னிக்குத்தான் நல்லா ரெஸ்ட்டு" என்றார்.

எங்கள் ரேடியோ 1996-இல் வந்தது. அப்பா கிள்ளான் துறைமுகத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். தவணையில் வாங்கினார். ஜப்பான் சாமான் என்று அவருக்குப் பெருமை. அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது பின்பக்கத்தில் 'மேட் இன் மலேசியா' என்று இருந்ததை அம்மா பார்த்திருக்கிறார், வாயைத் திறக்கவில்லை. அப்பாவிடம் ஒரு பை நிறையக் கேசட் இருந்தது. தெங்கு கெலானா சாலையில் வாங்கியவை, நண்பர்கள் பதிந்து கொடுத்தவை. மாதம் ஒருமுறை "பாட்டு மங்கலா கேக்குது" என்று ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போவார். ஐந்தடியில் மேசை போட்டிருந்த சீனத் தவுக்கே. ஐந்து வெள்ளி. அப்பாவோடு மோட்டாரில் ரேடியோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் போயிருக்கிறேன்.

பாட்டு ஏன் மாதா மாதம் மங்கியது என்பதற்கு விடையும் அன்றைக்குத்தான் கிடைத்தது. மங்கச் செய்தது அம்மா.

அம்மாவிடம் ஒரே ஒரு கேசட் இருந்தது. வேலையை விட்டு வருவதற்கு முதல் நாள் ராத்திரி, அந்த வாடகை வீட்டில் ஆறு பேரும் உட்கார்ந்து பேசியும் பாடியும் பதிந்தது. பதிந்த பெட்டி, தொழிற்சாலையில் வேலையாட்களுக்கு மலிவாகத் தள்ளிவிடுகிற ரிஜெக்ட் சாமான்களில் ஒன்று. அதன் ஹெட் கோணல். கோணல் ஹெட்டில் பதிந்தது அதே கோணத்தில் படித்தால்தான் தெளியும், சரியாக நிற்கிற ஹெட்டில் போட்டால் மங்கும். அப்பா துறைமுகத்துக்குப் போய், அப்பாயி மத்தியானம் படுத்த பிறகு, அம்மா தன் கேசட்டைப் போட்டு, பிளே அமுக்கி, ஓட்டைக்குள் சின்ன ஸ்க்ரூடிரைவரை விட்டு மெதுவாகத் திருப்புவார். மீட்டர் கிடையாது, காதுதான். எங்கேயோ ஓர் இடத்தில் அந்தப் பெண்களின் குரல் போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே வரும். கேட்டு முடித்ததும் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிடுவார். ஆனால் டெஸ்ட் கேசட் இல்லாமல் பழைய இடம் எது என்று எப்படித் தெரியும்? ஏறக்குறையத்தான். சாயங்காலம் அப்பா வந்து தன் கேசட்டைப் போடுவார். மங்கல். கடைக்குப் போவார். தவுக்கே சரிசெய்வார். அடுத்த மாதம் அம்மா மறுபடியும் திருப்புவார்.

"அந்த ரிஜெக்ட் பெட்டிய நீங்களே சரி பண்ணியிருக்கலாமேம்மா. அதான உங்க வேலை?" என்றாள் அக்கா.

"வேல முடிஞ்சு வீட்டுக்கு வந்தா ஸ்க்ரூடிரைவரப் பாக்கவே புடிக்காது" என்றார் அம்மா.

அப்பா கோயிலுக்குப் போய்விட்டு, அப்படியே வெளியில் பசியாறிவிட்டு அந்த நேரத்தில்தான் வந்தார். மேசையில் கிடந்த படத்தைப் பார்த்தார். ஆன்டெனாவை எட்டிப் பார்த்து, அது நுனி உடைந்துதான் இருந்தது என்றார். பேத்தி விரலால் அந்தப் பொட்டைக் காட்டி, "தாத்தா, இது என்னா ஓட்டைன்னு தெரியுமா? பாட்டி இது வழியாத்தான் ஸ்க்ரூ திருப்புனாங்களாம்" என்று போட்டுடைத்துவிட்டாள். எனக்குக் கை சில்லிட்டது. அப்பா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"தெரியும்" என்றார்.

தவுக்கே மூன்றாவது தடவையே சொல்லிவிட்டாராம். உன் வீட்டில் யாரோ தொழிற்சாலையில் வேலை செய்த ஆள் இருக்கிறார் என்று. ஸ்க்ரூவை யார் வேண்டுமானாலும் திருப்புவார்கள், ஆனால் திருப்பிவிட்டு அதன் தலையில் ஒரு சொட்டு வைத்து மூடுகிறவர் லைனில் நின்ற ஆள் மட்டும்தான். பெயிண்டுக்குப் பதில் சிவப்பு கியூடெக்ஸ். அம்மாவுக்கே அது நினைவில்லை. கை தானாகச் செய்திருக்கிறது. அப்பா வீட்டுக்கு வந்து கண்ணாடி மேசையில் இருந்த கியூடெக்ஸ் புட்டியைப் பார்த்திருக்கிறார். பிறகு வருடக்கணக்காக ஒன்றும் பேசவில்லை.

"ஏங்க கேக்கல?" என்றார் அம்மா. குரல் மெல்லியதாக இருந்தது.

"கேட்டா நீ பயப்படுவ. எங்கம்மா காதுக்கும் போயிரும்."

"தெரிஞ்சுக்கிட்டேவா மாசா மாசம் அவன்கிட்ட அஞ்சு வெள்ளி குடுத்தீங்க?"

"மூணு வெள்ளிதான்" என்றார் அப்பா. "உங்கிட்ட அஞ்சுன்னு சொன்னேன்."

அக்கா சிரித்துவிட்டாள், பேத்தி காரணம் புரியாமலே சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. இதை நல்ல கதையாகச் சொல்வது எளிது: மனைவியின் ரகசியத்தைக் காப்பாற்றிய கணவன். அலுவலகத்தில் சொன்னபோது எல்லாரும் அப்படித்தான் கேட்டார்கள், ஒருத்தர் 'ச்சோ ஸ்வீட்' என்றார். ஆனால் 2009-இல் பழைய பேப்பர் லாரி 'சூராட் காபார் லாமா' என்று மைக்கில் கத்திக்கொண்டு வந்தபோது, அதே அப்பாதான் அந்த ரேடியோவைத் தூக்கிப் போட்டார். அம்மா அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். அது அம்மாவுக்கு என்ன என்று தெரிந்த ஒரே ஆள் அவர். இதை அப்பாவிடம் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் விட்டுவிட்டேன். அப்பா எழுந்து போய், யாரும் கேட்காமலே நெத்திலி கிள்ள ஆரம்பித்தார். அவருக்கு அது வராது. பாதி மீனைக் கிள்ளிப் போட்டார்.

கேசட் இருக்கிறது. அம்மா அறைக்குள் போய்ப் பிஸ்கட் டின்னோடு வந்தார். சிவப்பும் வெள்ளையுமாக ஒரு அறுபது நிமிடக் கேசட். யாரும் மேலே பதிந்துவிடக் கூடாதென்று முதுகில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் உடைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டாலிங் ஜெயா ஆம்கோர்ப் மாலில் பழைய சாமான் சந்தை கூடும், அங்கே இந்த மாதிரிப் பெட்டிகள் விற்பதைப் பார்த்திருக்கிறேன், நல்ல விலை சொல்வார்கள், வாங்கி வருகிறேன் என்றேன். அம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. "ஓட்டை இருக்கிற செட்டா பாத்து வாங்கு" என்றார் கடைசியில். பிறகு, "இப்ப எனக்கு அந்தக் கீச்சுச் சத்தமெல்லாம் கேக்குமோ என்னமோ" என்றார். அறுபது வயதுக்குப் பிறகு காதிலிருந்தும் முதலில் நழுவுவது அந்த மேல் ஒலிகள்தான். அதை நான் சொல்லவில்லை.

படம் இன்னும் முடியவில்லை. அலைவரிசைக் கண்ணாடியில் சிவப்பு முள்ளை எங்கே வைப்பது என்று கேட்டாள். இன்றைக்கு மின்னல் எஃப்எம் வருகிற 96.3, நூற்றுக்குக் கொஞ்சம் இடப்பக்கம் என்றேன். கைப்பிடிக்கு வெள்ளி நிறம் வர, நடுவில் கறுப்புப் பட்டையும் அதை ஒட்டி ஒன்றும் தீட்டாத வெள்ளையும் விடச் சொன்னேன். பளபளப்பு என்பது பக்கத்து இருட்டினால் வருவது. பிறகு கேசட்டின் சக்கரங்கள். எந்தச் சக்கரத்தில் டேப் தடியாக இருக்கும் என்று பாட்டியைக் கேட்டாள். கவிழ்ந்து கிடப்பதால் ஆரம்பத்தில் வலப்பக்கம் தடியாக இருக்கும், ஓட ஓட இடப்பக்கம் சேரும் என்றார் அம்மா. "ரெண்டும் சமமா போடு. பாதி ஓடியிருக்கட்டும்."

லேபிளில் என்ன எழுத என்றாள். அம்மா கேசட்டைத் திருப்பிக் காட்டினார். நீலப் பேனாவில் 'ஆறு பேர்' என்று மட்டும் இருந்தது, மையின் பாதி போய்விட்டது. அக்கா மகள் பேப்பரைத் தலைகீழாகச் சுற்றி வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, அந்தச் சின்னக் கட்டத்துக்குள் எழுத ஆரம்பித்தாள்.